குறைந்த விலைத் தொலைக்காட்சியும் கட்டணமில்லா அலைவரிசைகளும்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவதற்குக் கடன் கிடைக்குமா, கடன் அட்டையில் தவணையாக மாற்றிக்கொள்ளலாமா என்று நம் கிளைகளுக்கு வந்து கேட்போர் பண்டிகைக் காலத்தில் மிகுதி. அவர்களுள் ஓய்வூதியர்கள் உண்டு. பணி நிமித்தம் புது நகருக்கு மாறிவந்து வாடகை வீட்டில் குடியேறிய இளங்குடும்பத்தினர் உண்டு. கிராமத்தில் தனித்து வாழும் பெற்றோருக்குப் பெட்டி வாங்கி அனுப்ப விரும்புவோரும் உண்டு. இவர்கள் அனைவரும் முதலில் பார்ப்பது விலைச்சீட்டை. ஆனால் தொலைக்காட்சிக்காக ஒரு குடும்பம் செலவிடும் தொகையில் விலைச்சீட்டில் உள்ளது ஒரு பகுதியே. மாதந்தோறும் செலுத்தும் இணைப்புக் கட்டணம், மின்கட்டணம், தவணை வட்டி ஆகியவை சிறுசிறு தொகைகளாகப் பிரிந்து செல்வதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மாதக் கட்டணம் இல்லாமல் தொலைக்காட்சி பார்ப்பதற்கு நம் நாட்டில் முறையான வழி உள்ளது. அந்த வழியைத் தேர்ந்தெடுப்போர் எத்தகைய பெட்டியை வாங்க வேண்டும், எதற்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை, கடன் வாங்குவதாயின் எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே: நம் வீட்டிற்கு ஒளிபரப்பு எந்த வழியாக வரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்; பெட்டியைத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பின்னரே.

ஏரியல் காலமும் இன்றைய நிலையும்

1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய தூர்தர்ஷன், பல பத்தாண்டுகள் தரைவழிக் கோபுரங்கள் மூலமாகவே மக்களை அடைந்தது. வீட்டுக் கூரையில் மீன்முள் போன்ற ஆண்டெனாவை நிறுத்தி, காற்றில் அது திரும்பிவிட்டால் மாடிக்கு ஏறித் திருப்பி வைத்த காலத்தை நம் வாசகர்களில் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அந்தக் காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. எல்லையோரம் போன்ற முக்கிய இடங்களில் உள்ள சுமார் 50 கோபுரங்கள் நீங்கலாக, பழைய அனலாக் ஒளிபரப்புக் கோபுரங்கள் அனைத்தையும் 2022 மார்ச் 31-க்குள் படிப்படியாக நிறுத்துவதாகப் பிரசார் பாரதி அறிவித்துச் செயல்படுத்தியது.

இதற்கிடையில் 2016 பிப்ரவரியில் சென்னை, தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு உள்ளிட்ட 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் அறிமுகப்படுத்தியது. இதைப் பெறுவதற்கு டி.வி.பி. டி2 என்னும் வகை டியூனர் வேண்டும். இதில் வருபவை தூர்தர்ஷனின் சில அலைவரிசைகள் மட்டுமே.

இதனால் வாங்குவோர் அறிய வேண்டிய செய்தி யாது? "ஆண்டெனா இணைத்தாலே சேனல்கள் வரும்" என்று விற்பனையாளர் கூறினால், அதை நம்பிப் பணம் கொடுக்கத் தேவையில்லை. குறைந்த விலைப் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆண்டெனாத் துளை, அனலாக் அலைகளையும் கேபிள்காரரின் பழைய இணைப்பையும் கருதி அமைக்கப்பட்டது. தரைவழி டியூனருக்காக ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுப்பதாயின், அதே தெருவில் யாரேனும் அவ்வாறு பார்க்கிறார்களா என்று கேட்டறிந்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான இல்லங்களுக்குக் கட்டணமில்லா ஒளிபரப்பு என்பது இன்று செயற்கைக்கோள் வழியாக வருவதே.

டி.டி. ஃப்ரீ டிஷ்: கிடைப்பவையும் கிடைக்காதவையும்

2004 டிசம்பரில் 33 அலைவரிசைகளுடன் டி.டி. டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்ட சேவையே இன்று டி.டி. ஃப்ரீ டிஷ் எனப்படுகிறது. பிரசார் பாரதி நடத்தும் இச்சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது, சந்தா கிடையாது, ரீசார்ஜ் கிடையாது. டிஷ், அதன் முன்னால் பொருத்தப்படும் எல்.என்.பி., கேபிள், செட்-டாப் பாக்ஸ் ஆகியவற்றுக்கு ஒருமுறை சுமார் ₹2,000 செலவாகும். நாட்டில் 4 கோடிக்கும் மேற்பட்ட இல்லங்கள் இதைப் பயன்படுத்துவதாக மதிப்பிடப்படுகிறது.

இதில் கிடைப்பவற்றை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, தூர்தர்ஷனின் அலைவரிசைகள். 2024 ஜனவரியில் டி.டி. பொதிகை என்பதிலிருந்து பெயர் மாற்றம் பெற்ற டி.டி. தமிழ் இவற்றுள் ஒன்று. ஆகவே போபாலில் இருந்தாலும் புவனேஸ்வரத்தில் இருந்தாலும் தமிழ்ச் செய்தியும் நிகழ்ச்சிகளும் கட்டணமின்றிக் கிடைக்கும். ஆகாசவாணியின் 40-க்கும் மேற்பட்ட வானொலிச் சேவைகளும் இதனுடன் வருகின்றன.

இரண்டாவது, கல்வி அலைவரிசைகள். 2017 ஜூலையில் தொடங்கப்பட்ட ஸ்வயம் பிரபா, பள்ளி மாணவர்களுக்கான பி.எம். இ-வித்யா ஆகியவை குறிப்பிடத்தக்கவை. வகுப்புக்கு ஒன்றாக 12 அலைவரிசைகளுடன் இருந்த இ-வித்யாவை 200 அலைவரிசைகளாக விரிவாக்கும் திட்டம் 2022-23 ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இணைய வசதி குறைவான ஊர்களில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள இல்லங்களுக்கு இது மிகுந்த பயனுடையது.

மூன்றாவது, தனியார் அலைவரிசைகள். இவை ஏலத்தில் இடம் பிடித்து இச்சேவையில் சேர்கின்றன. செய்தி, திரைப்படம், பக்தி, பாடல் என வகைக்குச் சில உண்டு. ஆனால் பெரும்பாலானவை இந்தி மொழியினவை. தமிழகத்தில் பலரும் அன்றாடம் பார்க்கும் கட்டணத் தமிழ் அலைவரிசைகள் இதில் வருவதில்லை. மேலும், தனியார் அலைவரிசைகளின் பட்டியல் நிலையானதன்று. பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் சில தம் இந்திப் பொழுதுபோக்கு அலைவரிசைகளை 2019-இலும், மீண்டும் 2022-இலும் இச்சேவையிலிருந்து விலக்கிக்கொண்டன. ஏதேனும் ஒரு தனியார் அலைவரிசையை மட்டும் நம்பி இச்சேவைக்கு மாறுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கிரிக்கெட் ஆர்வலர்களுக்கு ஒரு செய்தி. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என அரசு அறிவிக்கும் விளையாட்டுப் போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்பது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். அவ்வாறு பகிரப்படும் காட்சிகளைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் சொந்த டி.டி.எச். சேவையிலும் மட்டுமே காட்டலாம், கேபிள் நிறுவனங்களுக்கு அளிக்கக் கூடாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, கேபிளில் தூர்தர்ஷனைப் பார்ப்பவருக்குக் கிடைக்காத ஆட்டம் ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவருக்குக் கிடைக்கக்கூடும்.

இவற்றையெல்லாம் எடைபோடுவதற்கு எளிய முறை ஒன்று உள்ளது. ஒரு வாரம் முழுவதும் வீட்டில் உள்ளோர் எந்த அலைவரிசையை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். செய்தி, பழைய பாடல், விளையாட்டு, கல்வி ஆகியவையே மிகுதியெனில் ஃப்ரீ டிஷ் போதும். தாயார் நாள்தோறும் மாலையில் காத்திருந்து பார்க்கும் தொடர் கட்டண அலைவரிசையில் வருவதாயின், அதைச் சிறு செலவு என்று ஒதுக்கிவிடக் கூடாது. வீட்டைவிட்டு அதிகம் வெளியே செல்லாத முதியோருக்கு அதுவே நாளின் பெரும் துணையாக இருக்கலாம். அவ்வாறு முடிவு செய்யாமல் ஃப்ரீ டிஷ் பொருத்திவிட்டு இரண்டாம் மாதமே கேபிள் இணைப்பும் பெறுவோர் இரு செலவுகளையும் சுமக்கின்றனர்.

டிஷ் பார்க்க வேண்டிய வானம்

ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பு, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிலைகொண்டுள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள இச்செயற்கைக்கோள் நம் நாட்டின் எல்லா ஊர்களிலிருந்தும் தென்திசையில்தான் தெரியும். ஆனால் ஊருக்கு ஊர் கோணம் மாறும். சென்னை, பெங்களூரு, மும்பை ஆகிய நகரங்களில் டிஷ் தென்கிழக்கை நோக்க வேண்டும். தில்லியில் அது தெற்கிலிருந்து சற்றே கிழக்காகத் திரும்பியிருக்கும். கொல்கத்தாவில் ஏறத்தாழத் தெற்கு. குவாஹாட்டியில் நேர் தெற்கு எனலாம். சென்னையில் செயற்கைக்கோள் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்திலும், தில்லியில் ஏறத்தாழ 52 பாகை உயரத்திலும் உள்ளது.

இந்த விவரம் ஏன் தேவை? அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருப்போர் பலருக்கு மொட்டைமாடியில் இடம் கிடைப்பதில்லை. பால்கனி மட்டுமே உண்டு. அந்தப் பால்கனி வடக்கு நோக்கியதாயின் எவ்வளவு நல்ல பெட்டி வாங்கினாலும் ஒளிபரப்பு வராது. தெற்கிலோ தென்கிழக்கிலோ உயர்ந்த கட்டடமோ அடர்ந்த மரமோ மறைத்தாலும் அதே நிலைதான். ஆகவே பெட்டி வாங்குவதற்கு முன்பே, டிஷ் வைக்கக்கூடிய இடத்தில் நின்று, கைபேசியில் உள்ள திசைகாட்டியால் வானம் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குடியிருப்புச் சங்கத்தின் அனுமதியையும் கேட்டுவிடுவது நன்று.

பலத்த மழையின்போது சிறிது நேரம் படம் உறைவது இவ்வகை ஒளிபரப்பின் இயல்பு. அது பெட்டியின் குறையன்று. இடி மின்னல் வேளையில் டிஷ் கேபிளையும் மின்இணைப்பையும் கழற்றிவிடுவது பாதுகாப்பானது.

உள்ளமைந்த டியூனரா, தனி செட்-டாப் பாக்ஸா?

தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளேயே செயற்கைக்கோள் டியூனர் அமைந்திருந்தால், டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளை நேரடியாகப் பெட்டியில் செருகிவிடலாம். தனி செட்-டாப் பாக்ஸ் தேவையில்லை. இத்தகைய பெட்டிகளுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 18112:2022 என்னும் தரக்குறிப்பை வெளியிட்டுள்ளது. இதன் நன்மைகள் தெளிவானவை: ஒரே ரிமோட், ஒரே மின்செருகி, குறைந்த கம்பிகள். இரண்டு ரிமோட்டுகளைக் கையாளத் தடுமாறும் முதியோருக்கு இது உண்மையான வசதி.

எனினும் கடையில் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். முதலாவது, பெட்டியில் உள்ளது டி.வி.பி. எஸ்2 டியூனரா என்பது. 'டிஜிட்டல் டியூனர்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது தரைவழி டியூனராகவோ கேபிள் டியூனராகவோ இருக்கலாம். பெட்டியின் பின்புறம் எல்.என்.பி. அல்லது சாட்டிலைட் எனக் குறிக்கப்பட்ட, திருகு அமைப்புள்ள துளை இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிடலாம். இரண்டாவது, எம்பெக்-4 வகை ஒளிபரப்பை அந்த டியூனர் ஏற்குமா என்பது. ஃப்ரீ டிஷ் அலைவரிசைகள் எம்பெக்-2, எம்பெக்-4 என இரு வகைகளில் வருகின்றன. பழைய வகைக் கருவிகளில் இரண்டாம் வகை அலைவரிசைகள் தெரியா. தனி செட்-டாப் பாக்ஸ் வாங்குவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

உள்ளமைந்த டியூனருக்காகப் பெட்டியின் விலை எவ்வளவு கூடுகிறது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். தனி செட்-டாப் பாக்ஸின் விலையைவிட மிகுதியாகக் கூடினால் அது இலாபமன்று. தனி பாக்ஸ் பழுதானால் அதை மட்டும் மாற்றிவிடலாம்; உள்ளமைந்த டியூனர் பழுதானால் பெட்டியையே பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டும். சேவை மையம் தொலைவில் உள்ள ஊர்களில் தனி பாக்ஸே ஏற்றது என்பது நம் கருத்து.

திரை அளவும் துல்லியமும்

குறைந்த செலவில் வாங்க விரும்புவோர் அதிகம் பணம் இழப்பது இந்த இடத்தில்தான். ஃப்ரீ டிஷ் அலைவரிசைகளில் பெரும்பாலானவை எஸ்.டி. எனப்படும் சாதாரணத் துல்லியத்தில் வருகின்றன. அதன் ஒரு படத்தில் 720-க்கு 576 என்ற கணக்கில் ஏறத்தாழ 4.15 லட்சம் புள்ளிகள் உள்ளன. எச்.டி. ரெடி பெட்டியின் திரையில் 1,366-க்கு 768, அதாவது ஏறத்தாழ 10.5 லட்சம் புள்ளிகள். 4கே பெட்டியிலோ 3,840-க்கு 2,160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். வந்து சேரும் ஒவ்வொரு புள்ளியையும் 4கே பெட்டி 20 புள்ளிகளாக ஊதிப் பெருக்கியே காட்ட வேண்டியிருக்கிறது. விளைவு, படம் மங்கலாகவும் ஓரங்கள் பிசிறாகவும் தோன்றும். கடையில் காட்டப்படும் காட்சி 4கே துல்லியத்தில் தனியே எடுக்கப்பட்டது. வீட்டிற்கு வரும் ஒளிபரப்பு அதுவன்று.

ஆகவே முதன்மையாக ஃப்ரீ டிஷ் பார்ப்பதற்கு, 10-க்கு 12 அடி அளவுள்ள அறையில் 32 அங்குல எச்.டி. ரெடி பெட்டியே போதுமானது. படமும் அதில்தான் செறிவாக இருக்கும். பெரிய கூடத்தில் ஏழெட்டு அடி தொலைவிலிருந்து பார்ப்போர் 40 அல்லது 43 அங்குல ஃபுல் எச்.டி. பெட்டியைக் கருதலாம். 4கே பெட்டி, இணைய வழியில் திரைப்படம் பார்ப்போருக்குப் பொருள் தரும். ஃப்ரீ டிஷ்ஷுக்காக அதை வாங்குவது வீண்.

வாங்கும் முன் உறவினர் அல்லது அண்டை வீட்டார் இல்லத்தில் ஃப்ரீ டிஷ் இணைக்கப்பட்ட பெட்டியைப் பார்த்துவிடுவது சிறந்தது. பக்கவாட்டில் அமர்ந்து பார்க்கும்போது நிறம் வெளிறுகிறதா, செய்தி வாசிப்பவரின் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்பவற்றைக் கவனியுங்கள். மெல்லிய பெட்டிகளில் ஒலிபெருக்கி கீழ்நோக்கி அமைந்திருப்பதால், செவித்திறன் குறைந்த முதியோருக்குச் சொற்கள் தெளிவாக விளங்குவதில்லை. பின்புறத்தில் எச்.டி.எம்.ஐ. துளை இரண்டாவது இருக்கட்டும். பழைய செட்-டாப் பாக்ஸையே தொடர விரும்புவோர் மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிற ஏ.வி. இணைப்புக்கு வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஸ்மார்ட் வசதி தேவையா என்பது இணைய இணைப்பைப் பொறுத்தது. வீட்டில் அகன்ற அலைவரிசை இணைப்பு இருந்தால், பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலி போன்றவற்றைப் பயன்படுத்தலாம். இணைப்பே இல்லாத வீட்டிற்குச் சாதாரணப் பெட்டி போதும்.

பெட்டியின் மீதுள்ள முத்திரைகள்

தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. பெட்டியின் பின்புறம் ஆர் என்ற எழுத்துடன் தொடங்கும் பதிவு எண் அச்சிடப்பட்டிருக்கும். அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணை இட்டு, அது எந்த நிறுவனத்திற்குரியது என்று சரிபார்க்கலாம். அறிமுகமற்ற பெயரில் மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படும் பெட்டிகளை வாங்குவோர் இச்சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும்.

எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திர முத்திரையில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும் என்று குறிக்கப்பட்டிருக்கும். நட்சத்திரங்களை எண்ணுவதைவிட இந்த யூனிட் கணக்கை ஒப்பிடுவதே பயன் தரும். ஏனெனில் பெரிய பெட்டியின் நான்கு நட்சத்திரம் சிறிய பெட்டியின் மூன்று நட்சத்திரத்தைவிட அதிக மின்சாரம் எடுக்கலாம்.

விலை பேசும்போது வரியையும் அறிந்திருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்திற்கு மேற்பட்ட பெட்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 32 அங்குலமும் அதற்குக் குறைந்தனவும் முன்பே 18 சதவீத வரியில் இருந்தவை. ஆகவே 32 அங்குலப் பெட்டியை "வரிக் குறைப்புச் சலுகை" என்று சொல்லி விற்றால் அது வெறும் விளம்பரம்.

ஐந்தாண்டுக் கணக்கு

இனிச் செலவுக்கு வருவோம். புரிதலுக்காக இரு குடும்பங்களைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டும் நாளொன்றுக்கு 5 மணி நேரம் தொலைக்காட்சி பார்க்கின்றன. மின்கட்டணம் யூனிட்டுக்கு ₹6 எனக் கொள்வோம்.

முதற் குடும்பம் 32 அங்குலப் பெட்டியை ₹12,000 ரொக்கமாகக் கொடுத்து வாங்குகிறது. ஃப்ரீ டிஷ் பொருத்த ₹2,000. பெட்டியும் செட்-டாப் பாக்ஸும் சேர்ந்து 60 வாட் எனில், ஐந்தாண்டில் 547.5 யூனிட், அதற்கு ₹3,285. ஆக மொத்தம் ₹17,285.

இரண்டாம் குடும்பம் 43 அங்குல 4கே பெட்டியை ₹26,000-க்கு, 15 சதவீத வட்டியில் 12 மாதத் தவணையில் வாங்குகிறது. தவணை ₹2,347, வட்டி மட்டும் ஏறத்தாழ ₹2,161. மாதம் ₹300 கட்டணத் தொகுப்பு எனில் ஐந்தாண்டில் ₹18,000. பெட்டியும் பாக்ஸும் 110 வாட் எனில் மின்கட்டணம் ₹6,023. ஆக மொத்தம் ₹52,184.

வேறுபாடு ஏறத்தாழ ₹34,900. இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. இரு பெட்டிகளின் விலை வேறுபாடு ₹14,000. மாதக் கட்டணமோ ₹18,000. கடையில் ₹500 குறைத்துத் தரும்படி அரைமணி நேரம் பேரம் பேசும் நாம், அதைவிடப் பெரிய செலவைப் பேசாமலே ஏற்றுக்கொள்கிறோம். அந்த ₹300-ஐ 6.5 சதவீத வட்டியில் தொடர் வைப்பாகச் செலுத்தி வந்தால் ஐந்தாண்டு முடிவில் ஏறத்தாழ ₹21,300 கையில் இருக்கும். அடுத்த பெட்டியைக் கடனின்றி வாங்க அதுவே போதும்.

கட்டணமில்லா அலைவரிசைகளைக் கேபிள் வழியாகவோ தனியார் டி.டி.எச். வழியாகவோ பார்த்தால் செலவில்லை என்று எண்ணுவதும் தவறு. அலைவரிசை இலவசமானாலும் இணைப்புக்கு நெட்வொர்க் கட்டணம் உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதற்கு வகுத்திருந்த உச்ச வரம்பு, 200 அலைவரிசைகள் வரை மாதம் ₹130. 18 சதவீத வரியுடன் ₹153.40. 2024 ஜூலையில் இந்த உச்ச வரம்பும் நீக்கப்பட்டு, கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமை நிறுவனங்களிடம் விடப்பட்டது. எனவே உங்கள் மாதப் பட்டியலில் இக்கட்டணம் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தவணையில் வாங்குவோர் கவனத்திற்கு

கைவசம் ரொக்கம் இல்லாதபோது தவணையில் வாங்குவது தவறன்று. ஆனால் 'வட்டியில்லாத் தவணை' என்ற சொல்லின் பொருளை அறிந்து வாங்க வேண்டும். பூஜ்ய சதவீத வட்டி என்று காட்டி, வட்டியைப் பிற கட்டணங்களில் மறைக்கும் முறை கூடாது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. இன்றைய 'நோ காஸ்ட்' திட்டங்களில் கடன் கொடுப்பவர் வட்டி வாங்கவே செய்கிறார். அந்த வட்டிக்குச் சமமான தொகையை விற்பவரோ தயாரிப்பாளரோ விலையில் தள்ளுபடி செய்கிறார்.

எடுத்துக்காட்டாக, ₹15,000 பெட்டியை ஆறு மாதக் கடன் அட்டைத் தவணையில் வாங்குகிறோம். வட்டி ₹650 என்றும், அது தள்ளுபடியாக ஈடுசெய்யப்படுகிறது என்றும் கொள்வோம். அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. ₹117. செயலாக்கக் கட்டணம் ₹199 எனில் அதன் வரியுடன் ஏறத்தாழ ₹235. ஆக ₹352 நம் கையிலிருந்தே செல்கிறது. அதே பெட்டிக்கு ரொக்கத் தள்ளுபடி இருந்து, தவணைத் திட்டத்தால் அது கிடைக்காமற் போனால் இழப்பு மேலும் கூடும். கடைக்காரரிடம், "இன்றே முழுத் தொகையையும் செலுத்தினால் என்ன விலை?" என்று முதலில் கேளுங்கள், தவணையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

கடனாகப் பெறுவோருக்கு ஒரு பாதுகாப்பு உள்ளது. 2024 அக்டோபர் 1 முதல், சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடன் பெறுபவரிடம் வழங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வட்டி, கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு விகிதம் அதில் இருக்கும். மாதத் தவணை எவ்வளவு என்பதைப் பார்ப்பதோடு நிற்காமல் அந்த ஆண்டு விகிதத்தையும் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள். கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்திக் காலந்தள்ளுவதைத் தவிர்த்துவிடுங்கள். எஞ்சிய தொகை மீது வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், பெட்டியின் பயன் குறைந்துகொண்டே வரும்.

நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம் என்று கூடுதல் தொகை கேட்டால், அது எவற்றையெல்லாம் உள்ளடக்குகிறது என்று எழுத்தில் பெறுங்கள். குறைந்த விலைப் பெட்டியில் திரைப் பலகத்தை மாற்றும் செலவு புதுப் பெட்டியின் விலையை நெருங்கிவிடும். ஆனால் விழுந்தோ மோதியோ உடைந்த திரைக்குப் பொதுவாக உத்தரவாதம் பொருந்துவதில்லை.

இலவசச் சேவையின் பெயரில் மோசடி

"உங்கள் ஃப்ரீ டிஷ் இணைப்பு இன்றிரவு நிறுத்தப்படும், இந்த இணைப்பைத் தொட்டு ரீசார்ஜ் செய்யுங்கள்" என்று குறுஞ்செய்தியோ அழைப்போ வந்தால் அது மோசடி என உடனே தீர்மானிக்கலாம். மாதக் கட்டணமே இல்லாத சேவைக்கு ரீசார்ஜ் எதற்கு? அத்தகைய இணைப்புகளைத் தொடாதீர்கள். ஒருமுறைக் கடவுச்சொல்லையோ யு.பி.ஐ. ரகசிய எண்ணையோ எவரிடமும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்வதுடன், உங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள். தனியே வாழும் பெற்றோருக்குப் பெட்டி வாங்கி அனுப்புவோர், இந்த ஒரு செய்தியையும் அவர்களிடம் பொறுமையாக விளக்கிவிடுவது நல்லது.

பெட்டியில் குறை இருந்து விற்பனையாளர் செவிசாய்க்கவில்லையெனில், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உள்ளது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த மாவட்ட ஆணையத்தில், ₹5 லட்சம் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது. இவை அனைத்திற்கும் அடிப்படை, கொள்முதல் பட்டியல். வரியுடன் கூடிய பட்டியலைக் கேட்டு வாங்கி, அதைக் கைபேசியில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குச் செல்லும் முன்

1. ஒரு வாரப் பார்வைப் பழக்கத்தைக் குறித்து, ஃப்ரீ டிஷ் போதுமா என்று குடும்பத்தினருடன் முடிவு செய்யுங்கள்.

2. டிஷ் வைக்கும் இடத்திலிருந்து தெற்கு, தென்கிழக்கு வானம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

3. அறையின் அளவுக்கேற்பத் திரையைத் தேர்ந்தெடுங்கள். ஃப்ரீ டிஷ்ஷுக்கு 4கே தேவையில்லை.

4. டி.வி.பி. எஸ்2 டியூனர் அல்லது எம்பெக்-4 செட்-டாப் பாக்ஸ், இரண்டில் ஒன்றை உறுதி செய்யுங்கள்.

5. பதிவு எண்ணையும் ஆண்டு யூனிட் கணக்கையும் சரிபாருங்கள்.

6. உங்கள் அஞ்சல் குறியீட்டுப் பகுதியில் சேவை மையம் உள்ளதா, சுவரில் பொருத்துவதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள்.

7. ரொக்க விலையை அறிந்த பின் தவணையைப் பற்றிப் பேசுங்கள்.

பண்டிகைக்கு இன்னும் சில மாதங்கள் இருப்பின், கடன் வாங்குவதற்கு முன் ஒரு தொடர் வைப்பைத் தொடங்கலாம். மாதம் ₹1,400 வீதம் பத்து மாதம் சேர்த்தால் நாம் மேலே கண்ட முதற் குடும்பத்தின் பெட்டியும் டிஷ்ஷும் அடங்கிய ₹14,000 கையில் இருக்கும். அதன் மீதான வட்டி தனி. கணக்கு தொடங்குவது பற்றிய விவரங்களை உங்கள் கிளையில் கேட்டறியலாம்.